பொறியியல் பாடங்களுக்குத் தானியங்கி ஆன்லைன் ஹோம்வொர்க்: எண் வீச்சு, டாலரன்ஸ், முயற்சி எண்ணிக்கை

நீரோட்டம்:

வணக்கம். இரண்டாம் ஆண்டு பாய்ம இயக்கவியல், பொருள் வலிமையியல் ஆகிய இரண்டு பாடங்களின் வாராந்தர ஹோம்வொர்க்கை அடுத்த செமஸ்டரிலிருந்து ஆன்லைனுக்கு மாற்றுகிறோம். 240 மாணவர்கள், திருத்துவதற்கு இரண்டே பேர். மூடில் என்ற பாட மேலாண்மைத் தளம் ஏற்கெனவே ஓடுகிறது, அதில் கணித விடைகளைத் தானாகத் திருத்தும் ஸ்டாக் பிளக்-இன் சேர்க்க அனுமதியும் கிடைத்துவிட்டது. மாணவர் தலைக்குக் காசு வாங்கும் பதிப்பகத் தளங்கள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். விடையில் எத்தனை சதவீதம் வரை விலக்கை ஏற்பது (டாலரன்ஸ்)? ஒரு கேள்விக்கு எத்தனை முயற்சி கொடுப்பது? ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண் கொடுத்தால் காப்பியடிப்பது உண்மையிலேயே குறையுமா? இதில் வேலை செய்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது. பொதுவான நன்மை தீமைப் பட்டியல் தேவையில்லை, அது எங்கும் கிடைக்கிறது.

உத்தரம்:

டாலரன்ஸுக்கு முன்னால் எண் வீச்சை, அதாவது கேள்வியின் எண்கள் எந்த எல்லைக்குள் குலுக்கப்படும் என்பதைக் கவனியுங்கள். புகார்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்பும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்று. குழாய் விட்டம் 10 முதல் 60 மி.மீ., வேகம் விநாடிக்கு 0.1 முதல் 2 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு வீச்சு கொடுத்தால், பாய்வு சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 20 டிகிரி தண்ணீருக்கு 1,000-இலிருந்து 1,20,000 வரை போகும். ஒரு மாணவர் 64-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்து உராய்வுக் குணகத்தை ஒரே வரியில் எடுத்துவிடுவார். இன்னொருவர் கொந்தளிப்பான பாய்வுக்கான கோல்புரூக் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மூன்றாமவர் 2,300-க்கும் 4,000-க்கும் நடுவே மாட்டுவார், அங்கே எந்தச் சூத்திரத்தையும் நம்பி விடை சொல்ல முடியாது. எல்லோருக்கும் மார்க் மட்டும் ஒன்று. விட்டத்தை 40 முதல் 60 மி.மீ., வேகத்தை 1 முதல் 2 என்று சுருக்கினால் ரெனால்ட்ஸ் எண் 40,000-க்குக் கீழே வராது, எல்லோருக்கும் ஒரே பாதை.

உத்தர (பீம்) கேள்விகளில் வேறு மாதிரிப் பொறி இருக்கிறது. இரு முனையிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் உத்தரம், இடமுனையிலிருந்து ஏதோ ஒரு தூரத்தில் 20 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை. தூரம் 2 மீட்டர் என்றால் இடது எதிர்விசை 13.33, வலது 6.67. இரண்டையும் மாற்றி எழுதினால் தப்பு உடனே தெரியும். ஆனால் தூரம் 3 மீட்டர் என்று விழுந்துவிட்டால் இரண்டும் 10. எந்தப் பக்கத்தில் திருப்புமை (விசை × தூரம்) எடுக்க வேண்டும் என்றே தெரியாதவருக்கும் முழு மார்க். ஆகவே தூரம் நீளத்தின் பாதியாக வரும் சேர்க்கையை விலக்கியே ஆக வேண்டும். முனைக்கு வெளியே நீளும் உத்தரம் என்றால் எதிர்விசை எதிர்மறையாகுமா என்று பார்க்க வேண்டும். அது பாடத்தின் நோக்கமாக இருந்தால் எல்லோருக்கும் எதிர்மறையாகவே வரட்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் வரக்கூடாது.

தூலக்கட்டு (டிரஸ்) வேலைகளுக்கு 3-4-5, 5-12-13, 8-15-17 முக்கோணங்களிலிருந்து மட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சைன், கொசைன் இரண்டும் முழு எண்களின் பின்னமாக வரும், கவனம் சமநிலைச் சமன்பாட்டில் நிற்கும்.

மூடிலோடு வரும் 'கால்குலேட்டட்' வகையில் மாறிகளுக்கு நடுவே இந்த மாதிரி நிபந்தனை வைப்பது கஷ்டம், ஒவ்வொன்றும் தன் வீச்சில் தனியாக உருளும். அதற்காகவே ஸ்டாக் போவது சரி.

துலாக்கோல்:

டாலரன்ஸ் பற்றி. எல்லாக் கேள்விக்கும் ஒரே சதவீதம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஹோம்வொர்க் மென்பொருள்களின் இயல்பு மதிப்புகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை: வெப்வொர்க்கில் 0.1 சதவீதம், பிரெய்ரிலேர்னில் 1 சதவீதம். வெப்வொர்க் 1990-களில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் பிறந்தது. கணித விடைக்கு 0.1 பொருந்தும், பொறியியல் விடைக்குப் பொருந்தாது. விடை 1.036 என்று வைத்துக்கொள்வோம். மூன்று முக்கிய இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து 1.04 என்று எழுதினால் விலக்கு 0.39 சதவீதம். வகுப்பில் "மூன்று இலக்கம் போதும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே செய்தவருக்குச் சிவப்புக் குறி போடுவது அநியாயம். மூன்று இலக்க ரவுண்டிங் மட்டுமே அதிகபட்சம் 0.5 சதவீதம் தின்னும். அதனால் கீழ் எல்லை 1 சதவீதம்.

மேல் எல்லையைப் பாடம்தான் சொல்லும். உத்தரம் சொன்ன குழாயையே எடுங்கள்: விட்டம் 50 மி.மீ., வேகம் 1.5, நீளம் 100 மீட்டர், சொரசொரப்பு 0.045 மி.மீ. ரெனால்ட்ஸ் எண் 75,000. கோல்புரூக்கில் உராய்வுக் குணகம் 0.02253, தலை இழப்பு (உராய்வால் இழக்கும் அழுத்தம், நீர் உயரமாக) 5.17 மீட்டர். அதன் தோராயமான ஸ்வாமி-ஜெயின் சூத்திரத்தில் 0.02268, அதாவது 5.20 மீட்டர். இன்னொரு தோராயமான ஹாலண்ட் சூத்திரத்தில் 0.02227, அதாவது 5.11 மீட்டர். கோல்புரூக்கை விடைத்தாளாக வைத்து 1 சதவீதம் கொடுத்தால் ஸ்வாமி-ஜெயின் போட்டவர் தப்பிப்பார், ஹாலண்ட் போட்டவர் 1.1 சதவீத விலக்கில் மாட்டுவார். இருவரும் சரியாகச் செய்தவர்கள். மூடி (Moody) உராய்வு வரைபடத்தைக் கண்ணால் படித்தவர் 3, 4 சதவீதம் விலகினாலும் ஆச்சரியமில்லை. ஒன்று, எந்தச் சமன்பாடு என்று கேள்வியிலேயே சொல்லுங்கள். அல்லது 5 சதவீதம் கொடுங்கள்.

விடை பூஜ்யமாக வரக்கூடிய இடங்களில் சதவீத டாலரன்ஸ் வேலைக்கே ஆகாது. பூஜ்யத்தின் 1 சதவீதம் பூஜ்யம். மாணவரின் கால்குலேட்டர் கழித்தலில் மிஞ்சிய 0.0003-ஐக் காட்டும், அதை அவர் அப்படியே எழுதுவார், தவறு என்று வரும். சுமை தாங்காத தூலக்கட்டு உறுப்பு, வளைவுத் திருப்புமை மறையும் புள்ளி போன்ற இடங்களில் தனி எண் விலக்கு கொடுங்கள், உதாரணமாக 0.01 கிலோநியூட்டன்.

நீரோட்டம்:

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் வைத்துவிட்டால் தகராறே இராதே?

துலாக்கோல்:

தகராறு இராது, சோதனையும் இராது. மெல்லிய சுவர் உருளையில் சுவரின் தகைவைக் காண அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுக்கிறோம். உள் ஆரம் 50 மி.மீ., தடிமன் 5 மி.மீ. என்றால், உள் ஆரத்துக்குப் பதில் சராசரி ஆரம் 52.5 போட்டவரின் விடை 5 சதவீதம் கூட. எந்த ஆரம் என்பதுதான் அந்தக் கேள்வியின் உயிர் என்றால், 5 சதவீத டாலரன்ஸ் அதையே அழித்துவிடுகிறது. குழாயில் வளைவு, வால்வுகளின் சிறு இழப்பு மொத்தத்தில் 3 சதவீதம்தான் என்றால், அதை மறந்தவரும் முழு மார்க் வாங்குவார். அங்கே டாலரன்ஸைக் குறைப்பதைவிட எண்ணை மாற்றுவது நல்லது. குழாயை 100 மீட்டரிலிருந்து 10 மீட்டராக்குங்கள், சிறு இழப்பு கண்ணுக்குத் தெரியும் பங்காகிவிடும்.

கேள்வி எழுதும்போது இரண்டு எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேர்மையான ரவுண்டிங்கும் சூத்திர வேறுபாடும் சேர்ந்து எவ்வளவு விலக்கும்? பிடிக்க வேண்டிய மிகச் சிறிய தவறு எவ்வளவு விலக்கும்? டாலரன்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். நடுவே இடமே இல்லையென்றால் கேள்வியின் எண்கள் தவறு.

கொதிகலன்:

வெப்ப இயக்கவியல் தரப்பிலிருந்து இரண்டு சேர்க்கிறேன், நாளை அந்தப் பாடமும் உங்கள் பக்கம் வரும்.

நீராவி அட்டவணை. மாணவர் புத்தக அட்டவணையில் இரு வரிகளுக்கு நடுவே இடைச்செருகிக் கணக்கிடுவார், விடைத்தாளை எழுதியவர் மென்பொருள் நூலகத்தில் எடுத்திருப்பார். அழுத்தத்தை எண்ணியல் குலுக்கலில் விடாமல், அட்டவணையில் நேராக இருக்கும் நிலைகளின் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தால் இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் ஒழியும். எந்த அட்டவணை என்பதையும் கேள்வியிலேயே இணைத்துவிடுங்கள்.

அடுத்தது, அருகருகே உள்ள இரு பெரிய எண்களின் கழித்தல். நீராவி மின் நிலையத்தின் ராங்கின் சுழற்சியில் பம்பு வேலை இதற்குச் சரியான உதாரணம். 10 கிலோபாஸ்கலிலிருந்து 8 மெகாபாஸ்கலுக்கு ஏற்றினால், கன அளவு 0.00101-ஐ அழுத்த வேறுபாட்டால் பெருக்கி கிலோவுக்கு 8.07 கிலோஜூல் வருகிறது. என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) 191.8-இலிருந்து 199.87 ஆகிறது. மாணவர் இதை 200 என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த படியில் 200-இலிருந்து 191.8-ஐக் கழித்து 8.2 என்று உள்ளிட்டால் 1.6 சதவீத விலக்கு. ரவுண்ட் செய்தது 0.07 சதவீதம்தான், கழித்ததும் அது இருபது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. 'இடைநிலை விடைகளை ஐந்து இலக்கத்தில் வைத்திருங்கள், கடைசி விடையை மட்டும் மூன்றுக்குக் குறையுங்கள்' என்று ஒவ்வொரு ஹோம்வொர்க்கின் தலையிலும் எழுதுங்கள்.

வெப்பப் பரிமாற்றியில் மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு: இரு முனை வேறுபாடுகளின் கழித்தலை அவற்றின் விகிதத்தின் மடக்கையால் வகுக்கிறோம். எதிர்ப்பாய்வில் சூடான பக்கம் 90-இலிருந்து 60, குளிர்ந்த பக்கம் 30-இலிருந்து 60 என்று எண் விழுந்தால் இரு முனையிலும் வேறுபாடு 30. சூத்திரம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லும், நிரல் பிழைச்செய்தி தரும், மாணவரின் திரையில் வெற்றுக் கேள்வி தெரியும். சரியான விடை 30தான், ஆனால் நிரல் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. இரு முனை வேறுபாடும் ஒன்றுக்கொன்று குறைந்தது 5 டிகிரி விலகி இருக்கும்படி நிபந்தனை வையுங்கள்.

நிரல்:

இந்த விபத்துகளை மாணவருக்கு முன்னால் நாமே கண்டுபிடிக்க ஸ்டாக்கில் வழி இருக்கிறது. குலுக்கலை நேரடியாக மாணவரிடம் விடாதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் 'டிப்ளாய்' செய்த (முன்கூட்டியே உருவாக்கித் தேர்ந்த) எண் வகைகளை மட்டுமே மாணவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 30, 40 வகைகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றின் எண்களும் விடையும் 'கொஸ்டின் நோட்' பகுதியில் தெரியும்படி எழுதுங்கள். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தால் சமச்சீர் விழுந்தது, எதிர்மறை வந்தது, விடை எண்ணூறு மீட்டர் என்று அபத்தமாக நிற்பது எல்லாம் கண்ணில் படும். வேண்டாததை நீக்கிவிடலாம்.

அதோடு கேள்விச் சோதனைகள். குறைந்தது மூன்று: சரியான விடை போட்டால் முழு மார்க் வருகிறதா, டாலரன்ஸ் விளிம்புக்கு உள்ளே இருப்பது ஏற்கப்படுகிறதா, நீங்கள் எதிர்பார்க்கும் பொதுத் தவறு மறுக்கப்படுகிறதா. ஸ்டாக் இவற்றை டிப்ளாய் செய்த எல்லா வகைகளிலும் ஓட்டிக்காட்டும். மூன்றாவது சோதனையை யாரும் எழுதுவதில்லை. ஆனால் உத்தரம் சொன்ன நடுப்புள்ளிச் சுமையைக் கையும் களவுமாகப் பிடிப்பது அதுதான், ஏனென்றால் அந்த ஒரு வகையில் மட்டும் தவறான விடை 'சரி' என்று திரும்பும்.

பல பகுதிக் கேள்விகளில் பிழை தொடர்வதைக் கையாளுங்கள். (அ) எதிர்விசை, (ஆ) சுமைக்கு நேர்கீழே வளைவுத் திருப்புமை. (அ)-வில் 6.67 என்று தவறாகப் போட்டவர் (ஆ)-வில் அதை 2 மீட்டரால் பெருக்கி 13.33 போடுவார், சரியான விடை 26.67. முறை சரி, எண் மட்டும் தவறு. காகிதத்தில் திருத்துபவர் இங்கே மார்க் கொடுப்பார். ஸ்டாக்கில் இரண்டு பகுதிகளின் உள்ளீட்டையும் ஒரே விடைமரத்தில் (விடையைக் கணு கணுவாக ஒப்பிடும் அமைப்பு) கொடுத்து, முதலில் 26.67-ஓடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த கணுவில் மாணவரின் சொந்த (அ) விடையை 2-ஆல் பெருக்கி ஒப்பிட்டு, பகுதி மார்க்கும் "முறை சரி, எதிர்விசையை மறுபடி பாருங்கள்" என்ற குறிப்பும் கொடுங்கள். பிரெய்ரிலேர்ன் பயன்படுத்துவோர் இதையே திருத்தும் பைத்தான் செயற்கூற்றில் நாலைந்து வரியில் எழுதிவிடலாம்.

ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள். (அ)-வில் 0 போட்டு (ஆ)-விலும் 0 போட்டால் தொடர்பு 'சரி' என்று ஆகிவிடும். மாணவர் உள்ளிட்ட எதிர்விசை பூஜ்யத்துக்கும் மொத்தச் சுமைக்கும் நடுவே இருந்தால் மட்டுமே தொடர்மார்க் என்று நிபந்தனை வையுங்கள்.

மின்தடை:

மின்சுற்றுப் பாடத்தில் கோணத்தால் வரும் தகராறு தனி ரகம். கட்டக் (ஃபேஸ்) கோணம் எதிர்மறை 150 டிகிரியும் 210 டிகிரியும் ஒன்றே, ஆனால் எண்ணாக ஒப்பிட்டால் 360 விலகும். கோணத்தைத் தனிப் பெட்டியில் கேட்டால், வேறுபாட்டை 360-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். அதைவிடச் சிக்கலெண்ணாக மாற்றி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவால் வகுத்து ஒப்பிடுவது சுத்தம். உச்ச மதிப்பா, பயனுறு (ஆர்.எம்.எஸ்.) மதிப்பா என்று சொல்லாமல் விட்டால் வகுப்பில் பாதிப் பேர் 1.414 மடங்கு விலகி நிற்பார்கள். தவறு கேள்வியுடையது. மின்னோட்டத்தின் திசையைப் படத்தில் அம்புக்குறியாகப் போடாமல் "மின்னோட்டம் காண்க" என்று எழுதினால் நேர், எதிர் இரண்டும் நியாயமான விடைகள். இயந்திரவியலில் இழுவிசை நேர்மறையா, திருப்புமை இடஞ்சுழியாக நேர்மறையா என்பதும் இதே கதைதான். விடைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், முதல் பக்கத்தில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அடிப்படையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இவ்வளவும் கடைசி எண்ணைத்தான் சோதிக்கிறது. தனிப்பொருள் விசைப்படம் (ஃப்ரீ பாடி டயக்ராம்) வரையாமலே, பழைய கணக்கின் சூத்திரத்தில் புது எண்ணைத் திணித்து மாணவர் விடைக்கு வந்துவிடுவார். அவருடைய நோட்டில் படமும் இருக்காது, சமன்பாடும் இருக்காது, நாலு எண் கிறுக்கியிருக்கும். இதை மென்பொருள் கவனிக்காது என்பதோடு, பச்சைக் குறி போட்டு ஊக்குவிக்கவும் செய்கிறது. வாரம் எட்டுக் கேள்வியும் ஆன்லைன் என்றால் செமஸ்டர் முடிவில் எழுதத் தெரியாத வகுப்புதான் மிஞ்சும்.

உத்தரம்:

மின்தடையின் மறுப்பை ஏற்கிறேன். அதற்காக எட்டையும் கையால் திருத்துவது 240 பேருக்கு நடவாது. ஏழு ஆன்லைன், ஒன்று கையெழுத்தில் எழுதிப் படமெடுத்துப் பதிவேற்றுவது. அந்த ஒன்றுக்கு நான்கு மார்க் மட்டும்: விசைப்படம் முழுமையா, அச்சும் குறி வழக்கமும் எழுதியிருக்கிறதா, சமன்பாடு எண்ணைப் போடுமுன் குறியீட்டில் இருக்கிறதா, விடை நியாயமான அளவா என்று ஒரு வரி எழுதியிருக்கிறதா. கடைசி எண்ணுக்கு மார்க்கே வேண்டாம், அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு தாளுக்கு 3 நிமிடம் என்றால் 240 தாளுக்கு 12 மணி நேரம், இருவர் பிரித்தால் வாரம் ஆறு மணி. அதுவும் அதிகமென்றால் எல்லோரிடமும் வாங்கி, ஒவ்வொரு வாரமும் பாதி வகுப்பை மட்டும் திருத்துங்கள். யார் தாள் திருத்தப்படும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

எழுதித்தர வேண்டிய கணக்கை ஆன்லைனில் இருக்கும் கணக்கின் அதே எண்களில் கொடுங்கள். எண் சரியா என்று முதலிலேயே தெரிந்துகொண்டு எழுதுவார்கள், அதனால் கவனம் முழுவதும் எழுதும் முறையில் இருக்கும்.

நீரோட்டம்:

மிக்க நன்றி. முயற்சி எண்ணிக்கை பற்றி யாரும் தொடவில்லையே? எங்கள் துறையில் 'வரம்பில்லாமல் கொடுத்துவிடலாம், கற்றுக்கொள்ளத்தானே' என்று ஒரு கட்சி இருக்கிறது.

மின்தடை:

நானும் அந்தக் கட்சிதான். விடை தப்பு என்று தெரிந்த அடுத்த நிமிடமே மாணவர் திரும்ப முயல்வதுதான் ஆன்லைனின் ஒரே பெரிய லாபம். காகிதத்தில் பத்து நாள் கழித்து வரும் சிவப்பு மையை யாரும் படிப்பதில்லை. மார்க்கைக் குறைத்தால் அந்த லாபத்தில் கை வைக்கிறீர்கள்.

துலாக்கோல்:

நேர், எதிர்க் குறியை மாற்றி மாற்றிப் போட, 1,000-ஆல் பெருக்கி வகுத்துப் பார்க்க, 2-ஆல் பெருக்கிப் பார்க்க வரம்பில்லா முயற்சி வசதியாக இருக்கிறது. இது கற்றல் இல்லை. பதிவேட்டில் ஒரே மாணவரின் உள்ளீடுகள் பத்து விநாடி இடைவெளியில் 12.4, எதிர்மறை 12.4, 0.0124, 24.8 என்று நின்றால் அவர் பேனாவை எடுக்கவேயில்லை என்று அர்த்தம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஒரே எண்களில் ஐந்து முயற்சி, முதல் மூன்றுக்கு மார்க் குறையாது. ஐந்தும் தீர்ந்தால் முழுத் தீர்வும் காட்டப்படும், மாணவர் புது எண்களோடு அதே கேள்வியை முதலிலிருந்து செய்யலாம், முழு மார்க்கும் கிடைக்கும். அதாவது கேள்விக்கு வரம்பில்லை, எண் தொகுதிக்கு வரம்பு உண்டு. பிரெய்ரிலேர்னில் ஒரு எண் தொகுதிக்கு எத்தனை முயற்சி என்று நேரடியாகவே அமைக்கலாம். மூடிலில் வினாடி வினாவைப் பல தடவை எழுத அனுமதித்து, ஒவ்வொரு தடவையிலும் 'பல முயற்சியுடன் ஊடாடும்' நடத்தையைத் தேர்ந்தெடுத்தால் இதற்குப் பக்கத்தில் வரலாம். மூடிலோடு வரும் கேள்வி வகைகள் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் இயல்பாக 33.33 சதவீதம் கழிக்கும், அதை மாற்றாமல் விட்டால் மூன்று தப்புக்கு மார்க் காலி. கேள்விதோறும் 5 அல்லது 10 சதவீதமாகக் குறையுங்கள்.

பல தெரிவு, சரியா தவறா வகைகளை இந்த ஏற்பாட்டில் சேர்க்கவே வேண்டாம். நாலு தெரிவுக்கு மூன்று முயற்சி கொடுத்தால் என்ன சோதிக்கிறோம்?

மின்தடை:

எண் தொகுதிக்கு வரம்பு, கேள்விக்கு வரம்பில்லை என்பது எனக்கும் சம்மதம். ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் "தவறு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்தால் ஐந்து முயற்சியும் குருட்டு முயற்சிதான். எதிர்பார்க்கும் தவறுகளுக்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள்: விடை 1,000 மடங்கு விலகினால் அலகைப் பாருங்கள், கால் பங்கு வந்தால் டார்சி உராய்வுக் குணகமா ஃபேனிங்கா என்று பாருங்கள், குறி மட்டும் மாறினால் திசை வழக்கத்தைப் பாருங்கள். முதல் தப்பிலேயே சொல்லாமல் இரண்டாவதில் சொல்லலாம்.

நிரல்:

உள்ளிடும் விதத்தில் வரும் தொல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் 1,200 என்று காற்புள்ளியோடு தட்டுவார், அலகையும் சேர்த்துத் தட்டுவார், பத்தின் அடுக்கைப் பல விதமாக எழுதுவார். மார்க் போடுமுன் 'உங்கள் விடையை இப்படிப் படித்துக்கொண்டேன்' என்று ஸ்டாக் காட்டும், அந்த வசதியை அணைக்காதீர்கள். அலகைப் பெட்டிக்கு வெளியே நிலையாக அச்சிட்டுவிட்டால் 90 சதவீதக் கேள்விகளுக்குப் போதும். அலகு மாற்றமே பாடமாக இருக்கும் முதல் இரண்டு வாரங்களில் மட்டும் ஸ்டாக்கின் அலகுச் சோதனையைப் பயன்படுத்தி, எண்ணுக்கும் அலகுக்கும் தனித்தனி மார்க் கொடுக்கலாம்.

இன்னொன்று, ஸ்டாக் ஒவ்வொரு விடையையும் பின்னால் மேக்ஸிமா என்ற கணித மென்பொருளிடம் கொடுத்துத்தான் சரிபார்க்கிறது. கடைசி அரை மணியில் 240 பேர் மொய்த்தால் மூடிலும் மேக்ஸிமாவும் ஒரே சர்வரில் திணறும். மேக்ஸிமாவைத் தனிச் சர்வரில் ஓட்டச் சொல்லுங்கள். கெடுவை நள்ளிரவில் வைக்காதீர்கள். மாலை 5 மணி என்று வைத்தால் ஏதாவது நின்றுபோனாலும் தொழில்நுட்ப ஆள் இருக்கையில் இருப்பார்.

கொதிகலன்:

காப்பியைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடலாம். வேறு வேறு எண் கொடுப்பது, பக்கத்து ஆளின் விடையை அப்படியே எழுதுவதை மட்டும் நிறுத்தும். வகுப்பில் ஒருவர் விரிதாளில் சூத்திரத்தைப் போட்டு அனுப்பினால் மற்றவர்கள் தங்கள் எண்ணைத் தட்டி விடை எடுத்துக்கொள்வார்கள். இப்போது கேள்வியைப் படமெடுத்துக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவி படிப்படியாகத் தீர்வே எழுதுகிறது. எண்ணை எப்படிக் குலுக்கினாலும் அதற்குப் பதில் இல்லை.

விரிதாளைத் தளர்த்த, எண்ணோடு சேர்த்து எது தெரியாதது என்பதையும் மாற்றுங்கள். குழாய்க் கணக்கில் மூன்று வகை இயல்பாகவே இருக்கிறது: தலை இழப்பைக் காண்பது, பாய்வு வீதத்தைக் காண்பது, விட்டத்தைக் காண்பது. முதலாவது நேரடி, மற்ற இரண்டுக்கும் வழக்கமாகத் திரும்பத் திரும்ப அணுக வேண்டும். மூன்றும் ஒரே கடினம் இல்லை, அதனால் மூன்றிலிருந்து ஒன்றைக் குலுக்காமல், ஒவ்வொருவருக்கும் மூன்றும் வெவ்வேறு வாரத்தில் வரும்படி செய்யுங்கள்.

கருவிகளுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் மார்க் பங்கீடு. ஹோம்வொர்க்குக்கு 10 சதவீதம் போதும், செய்யாமல் இருக்காதபடி ஒரு தள்ளு. அதே கேள்வி வங்கியிலிருந்து புது எண்களோடு, கண்காணிப்பில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிடச் சிறு தேர்வு. அதற்கு 25 அல்லது 30 சதவீதம். ஹோம்வொர்க்கைத் தானே செய்தவருக்குச் சிறு தேர்வு பழகிய தெரு. ஹோம்வொர்க்கில் 98, சிறு தேர்வில் 35 என்று நிற்பவரை முதல் சிறு தேர்வு முடிந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள், தண்டிக்க வேண்டாம். செமஸ்டர் முடிவுவரை காத்திருந்தால் பேசிப் பயனில்லை.

நீரோட்டம்:

கடைசியாக ஒன்று. எவ்வளவு சோதித்தாலும் ஏதோ ஒரு கேள்வியில் விடைத்தாளே தவறாகப் போகும். அதை எப்படி விரைவில் கண்டுபிடிப்பது, நடு வாரத்தில் எப்படித் திருத்துவது?

நிரல்:

மூடிலின் வினாடி வினாப் புள்ளிவிவர அறிக்கையில் இரண்டு நெடுவரிசையைப் பாருங்கள். வகுப்பின் சராசரி மார்க்கைக் காட்டும் எளிமைக் குறியீடு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கேள்வியைத் திறந்து பாருங்கள். பாகுபாட்டுக் குறியீடு எதிர்மறை என்றால், மற்றக் கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதில் தோற்கிறார்கள் என்று பொருள். அப்போது விடைத்தாளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தவறான விடைகளைச் சரியான விடையால் வகுத்து அடுக்கிப் பார்ப்பதும் பலன் தரும். ஒரே விகிதத்தில் பலர் குவிந்தால், ஒன்று பொதுத் தவறான புரிதல், அல்லது கேள்வியில் இரு பொருள் படும் ஒரு சொல். 1.414-இல் குவிந்தால் மின்தடை சொன்னதுதான். முதல் 20 பேர் செய்து முடித்ததுமே இதைப் பார்த்துவிடலாம், கெடுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

திருத்தும்போது எண்களை உருவாக்கும் வரிகளைத் தொடாதீர்கள். ஒரு குலுக்கல் வரியை முன்பின் நகர்த்தினாலும் அதே விதை எண்ணுக்கு (குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்) வேறு மதிப்புகள் வரும். நேற்றுப் பாதி செய்து வைத்தவரின் திரையில் இன்று புதுக் கேள்வி நிற்கும், அவர் போட்ட விடை அந்தரத்தில் தொங்கும். விடைச் சூத்திரம், டாலரன்ஸ், விடைமரம் இவற்றை மட்டும் மாற்றிவிட்டு, முடிவுகள் பக்கத்தில் மறுமதிப்பீடு கொடுங்கள். உண்மையாகச் செய்யுமுன் ஒத்திகை ஓட்டம் ஒன்று இருக்கிறது, யாருக்கு எவ்வளவு ஏறும், இறங்கும் என்று காட்டும். இறங்குபவர்கள் இருந்தால் அவர்களுடைய பழைய மார்க்கைக் கையால் திரும்பப் போட்டுவிடுங்கள். எந்தக் கேள்வி, என்ன தவறு, எப்போது மறுமதிப்பீடு ஆயிற்று என்று அன்றே அறிவிப்பும் போடுங்கள்.